கையுறைக்கு விற்ற கெண்டை

யோங்தோ, பூசான்
மே 12

அன்புள்ள கணவர் தோசிக் அவர்களுக்கு,

நான் நலம். மீன்பிடிக் கப்பலில் நீங்களும் மற்றவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

கஷாயத்தை ஒழுங்காகக் குடிக்கிறேன். நாளொன்றுக்கு மூன்று பாக்கெட், அப்படியே வெந்நீரில் வைத்துச் சூடாக்கி. பன்றி இறைச்சி, மாவுப் பண்டம் எதையும் தொடுவதில்லை. கருமுட்டை கொஞ்சம்தான் மிச்சம் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு இதுதானே வழி? எனக்கும் நாற்பது நெருங்குகிறது. வைத்தியரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேம்மா. அக்டோபர்ல கப்பல் வர்றதுக்குள்ள வயித்தச் சூடு பண்ணி வைப்போம்" என்றார். தொப்புளுக்குக் கீழே மாசிபத்திரி மூலிகை உருண்டையைக் கொளுத்தி வைக்கிறார்கள். அந்தப் புகையில் படுத்திருந்தால் விழிப்பா தூக்கமா என்றே தெரிவதில்லை. கூரை தண்ணீர்போல அசைகிறது. உங்கள் பக்கத்தில் நானும் மிதக்கிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெரிய கெண்டை ஒன்று மடியில் துள்ளி விழுந்ததாகக் கனவு கண்டீர்களாம். அதை உங்களோடு கப்பலில் இருக்கும் பியோங்மானுக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறைக்கு விற்றுவிட்டீர்களாம். பகலெல்லாம் மீன் பிடிப்பவனுக்கு மீன் கனவு என்ன அதிசயம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அட புத்திசாலியே! நடுக்கடலில் ஆற்றுக் கெண்டை எங்கிருந்து வரும்? அது பிள்ளை வரப்போவதைச் சொல்லும் பிள்ளைக் கனவு. விற்றால் வாங்கியவனுக்குத்தானே பலன்? பதினொரு வருடம் காத்திருந்த பிள்ளையைக் கையுறைக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று அன்று முழுக்க அழுதேன். கையுறையைக் கொடுத்துக் கனவைத் திரும்ப வாங்குங்கள் என்று நான்கு பக்கம் எழுதியும் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வைத்தியசாலையில் பக்கத்துப் படுக்கையில், வயிற்றில் புகையோடு ஒரு பெண். முகம் தெரியும், பெயர் தெரியாது. "அக்கா, எங்க வீட்டுக்காரர் கப்பல்ல ஒரு கெண்டைக் கனவு வாங்கியிருக்காராம். அதைப் போய் விக்க எந்த மடையனுக்கு மனசு வந்துச்சோ!" என்று சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று முறை கரு தங்கிக் கலைந்ததாம். குட்டிச் சட்டைக்குத் துணிகூட எடுத்துவிட்டாளாம். பெயரைக் கேட்டேன். சங்ரே. பியோங்மானின் மனைவி.

அந்த மடையன் என் புருஷன்தான் என்று சொல்ல நா எழவில்லை. "நல்ல கனவு. பத்திரமா வெச்சுக்கோ" என்றேன். என் வயிற்றில் உருண்டை அடிவரை எரிந்து சுட்டது. நான் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

கையுறை உங்களிடமே இருக்கட்டும். பியோங்மானிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு கதகதப்பாகத் தூங்குங்கள். கெண்டையோ பழமோ பாம்போ, இன்னொரு பிள்ளைக் கனவு வந்தால் மட்டும் யாரிடமும் வாய் திறக்காதீர்கள். பல் துலக்குவதற்கு முன்பே எனக்கு எழுதிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரி தன் கணவரை மகன் பெயரைச் சொல்லி, "கிசோக் அப்பா" என்று கூப்பிடுகிறாள். நான் இன்னும் "என்னங்க"தான். இன்றைக்குச் சீக்கிரம் தூங்குங்கள், என்னங்க.

உங்கள்
கும்ரான்