காலை முறை

அன்பு மகள் சபோஹத்துக்கு,

மேலூர் மதகில் நீர் பங்கிடும் மிராப், உன் தந்தை நஸ்ருல்லோ எழுதுவது. உன் கணவன் இக்ரோமுக்கு நான் சொன்ன பதில் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளவே இக்கடிதம்.

காலை முறை உங்கள் கீழூருக்கு, மாலை முறை எங்களுக்கு என்பது விதி. மலைமேல் பனியாறு பெரிதாக இருந்தவரை வாய்க்கால் நாள் முழுதும் ஓடியது. விதி நியாயமாக இருந்தது. இப்போது எஞ்சிய பனி நண்பகல் வெயிலில்தான் உருகுகிறது. நீர் மதகுக்கு வந்து சேர மாலையாகிறது. மூன்று கோடைகளாக, ஒரு நிமிடமும் பிசகாமல், உங்களுக்கு வறண்ட வாய்க்காலைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

"மாமா, உங்க கடிகாரத்தப் புழிஞ்சா வயலுக்குப் பாய்ச்சறது?" என்று இக்ரோம் கேட்டான். விதியை மீற முடியாது என்றேன். மறுநாள் மாலை அவனே மதகில் கைவைத்தான். எங்கள் ஊரார் மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். முறிந்த அந்தக் கை இனி கூடுமா என்று உன்னைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

முறையை மாற்றும்படி ஊர்க்கூட்டத்தில் பேசினேன். "பொண்ணக் குடுத்தீங்க, சரி. தண்ணியையும் சீதனமா அனுப்பணுமா, மிராப் ஐயா?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் உருளைக்கிழங்குப் பயிரும் வாடித்தான் கிடக்கிறது. சரிபாதியாகப் பிரித்தாலும் இரண்டு ஊருக்கும் போதாது, அளந்து பார்த்துவிட்டேன்.

ஆயினும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மதகை உங்கள் பக்கம் திறப்பேன். அரைமணி நேரம் கிடைக்கலாம். வீட்டை ஒட்டிய ஆப்ரிகாட் மரங்களுக்கு மட்டும் பாய்ச்சு. எங்கள் ஊரார் வந்து என்னைத் தூக்கி எறியும்வரை மதகின் மேலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தந்தை