ஊசி பட்ட பக்கங்கள்

சென்னை
8.1.1976

அன்புள்ள ஷியாமளா,

நலமா? பத்மநாபன் நலமா? எங்கள் தெரு மீரா சாகிப் அபுதாபிக்குத் திரும்புகிறார். நீ கேட்ட புத்தகம் அவரிடம் வருகிறது. வெனிஸ் நகரத்தில் நானூறு வருஷத்துக்கு முன் பெண்களுக்கென்றே அச்சிட்ட பூவேலை, லேஸ் மாதிரிகள். இது போன நூற்றாண்டின் மறுபதிப்பு. என் பெயரில் நூலகத்தில் எடுத்தது. மார்ச்சில் அவரிடமே கொடுத்தனுப்பு.

மூலப் பிரதிகள் அநேகமாக இல்லை. பக்கத்தின் மேலேயே ஊசியால் குத்தி, துளை வழியே கரிப்பொடி தூவி, துணியில் கோலத்தை இறக்கிக்கொண்டார்களாம். ‘இந்நூல்களைத் தின்றது அறியாப் பெண்களின் ஊசி’ என்று என் கட்டுரையில் ஒரு வரி. நன்றாக இருக்கிறதா?

நீ பட்டர் பேப்பரைப் பக்கத்தின் மேல் வைத்து வரைந்துகொள். எதற்கு என்று எழுதவே இல்லையே.

உன்
ஜெயபாரதி


அபுதாபி
2.2.1976

அன்புள்ள ஜெயா,

எதற்கு என்றா கேட்டாய். இவருடைய மேனேஜர் மகளுக்கு ஏப்ரல் கடைசியில் கல்யாணம். ஒரு விருந்தில் இவர், மணப்பெண் முக்காட்டுக்கு என் மனைவி பூவேலை செய்வாள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று எல்லார் முன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னார். இவருடைய காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பது மேனேஜர் கையில்.

வீட்டுக்கு வந்து, “உனக்கென்ன குறைஞ்சு போச்சு? ரெண்டு பூ போடத் தெரியாதா?” என்றார்.

எனக்குத் தெரிந்தது ரோஜாவும் மயிலும். மேனேஜர் மனைவிக்குப் பழைய ஐரோப்பியப் பூவேலை வேண்டுமாம். அளவு பார்க்கப் போனால் சமையலறைக் கதவைத்தான் திறக்கிறார்கள்.

உன் வரி நன்றாக இருக்கிறது.

ஷியாமளா


சென்னை
30.3.1976

ஷியாமளா,

புத்தகம் வந்தது. ஜன்னலருகே பிரித்தேன். பக்கம் பக்கமாக வெளிச்சம் ஒழுகுகிறது.

யார் இப்படிக் குத்தியது என்று நூலகர் மாணவர்கள் முன்னால் கேட்டார். “படிக்காத பொண்ணு சார், தெரியாம செஞ்சிட்டா” என்று சொல்லிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். மறுநாள் கருத்தரங்கில் கட்டுரை படித்தேன். அந்த வரிக்குத்தான் கைதட்டினார்கள்.

எம்.ஏ.யில் எனக்கு முன்னால் வந்தவள் நீ. ஏன்டி செய்தாய்?

ஜெயபாரதி


அபுதாபி
20.4.1976

அன்புள்ள ஜெயா,

கல்யாணத்தை இரண்டு வாரம் முன்னதாக வைத்துவிட்டார்கள். மீரா சாகிப் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக வந்து நின்றார். வரைய நேரமில்லை. பட்டர் பேப்பரைப் பக்கத்தின் அடியில் வைத்துக் குத்தினேன். அந்தப் பேப்பரைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்துத் துளைகளின் மேல் தேய்த்தேன். துணியில் கொடி இறங்கியது.

முதல் பக்கத்தில் ஒவ்வொரு துளைக்கும் நின்று நின்று குத்தினேன். இரண்டாவதில் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

கல்யாணத்தில் ஒருத்தி முக்காட்டைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்றாள். வெனிஸிலிருந்து வரவழைத்தோம் என்றாள் மேனேஜர் மனைவி. இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். காண்ட்ராக்ட் நீட்டித்துவிட்டார்கள்.

இங்கே நான் இல்லவே இல்லை. உன் நூலகத்தில் படிக்காத பெண்ணாகவாவது இருக்கிறேன்.

இனிப் புத்தகம் அனுப்பாதே.

ஷியாமளா


சென்னை
11.9.1976

அன்புள்ள ஷியாமளா,

என் கடிதங்கள் எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

நூலகரிடம் போனேன். “அவ படிச்சவ சார். என் சிநேகிதி. ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன்.

“அப்படின்னா இன்னும் மோசம்மா” என்றார். என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

கட்டுரை அச்சாகிவிட்டது. அந்த வரி அப்படியே இருக்கிறது. ப்ரூஃப் ஒரு வாரம் என்னிடம்தான் இருந்தது. அடிக்கப் பேனாவை எடுத்தேன். கைதட்டல் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

மீரா சாகிப் நாளை கிளம்புகிறார். ஒரு பிரதி கொடுத்தனுப்புகிறேன். நீ வாங்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். வாங்கினால், அந்த வரி எட்டாம் பக்கத்தில் இருக்கிறது.

இது நூலகத்துடையது இல்லை. ஊசி வைக்கலாம்.

ஜெயா