லாங்கிக்கு ஆகாத அரிசி

அன்பு மகன் ஃபலானிகோவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நம் தீவில் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மழை வரப்போவதை உன் அம்மாவின் முழங்கால் மட்டும் ரேடியோவுக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. குயின்ஸ்லாந்து வெயிலில் குனிந்து குனிந்து குடைமிளகாய் பறிக்கும் உன் முதுகுக்காகவும் தினமும் ஜெபம் செய்கிறோம். வேலையை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்துவிடட்டுமா என்று நீ லூப்பேயிடம் கேட்டாயாம். தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று பயந்து உன் பெண்டாட்டி பிள்ளைக்கு முடியாமல் போனதைப் போனில் பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் எழுதுகிறேன், முழுதும் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

நீ போன பிறகு பிறந்த உன் மகன் லாங்கி மாதத்துக்கு ஒரு வித்தை கற்றுக்கொள்கிறான். இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரித்தான், அடுத்த மாதம் பாயில் குப்புறப் போட்டால் ஆமைபோலத் தலையைத் தூக்கி யார் வந்தது என்று பார்த்தான், அப்புறம் தானே கவிழ்ந்து, திரும்ப வழி தெரியாமல் எங்கள் எல்லோரையும் திட்டினான். ஆறு பிள்ளைகளை வளர்த்த எனக்கே எல்லாம் புதிதாக இருக்கிறது, தோட்டத்துக்குப் போக மனசே வருவதில்லை. ஆறாம் மாதம் லூப்பே பப்பாளியை மசித்துக் கொடுத்தாள், சேப்பங்கிழங்கு கொடுத்தாள், சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். பிறகு அரிசிக் கஞ்சி கொடுத்தோம். வெகுநேரம் கழித்துத்தான் வாந்தி வந்தது, அதனால் கஞ்சியை யாரும் சந்தேகப்படவில்லை. கடற்காத்து பட்டிருக்கு என்று உன் அத்தை எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிட்டாள். முடியாதவர்களுக்கு நம் வீட்டில் என்ன கொடுப்போம், கஞ்சிதானே, வாந்தி எடுத்த பிள்ளைக்கு மறுநாளும் அதையே கரைத்து ஊட்டினோம், மறுபடியும் வாந்தி எடுத்தான்.

அப்புறம் வெள்ளை ஞாயிறு வந்தது. அன்றைக்குப் பிள்ளைகள்தான் ராஜா, அவர்கள் உட்கார்ந்து சாப்பிடப் பெரியவர்கள் பரிமாறுவோம் இல்லையா, லாங்கிக்கும் வெள்ளைச் சட்டை போட்டு விருந்துப் பாயில் உட்கார வைத்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவன் வாயில் கொக்கோ அரிசிப் பாயசம் ஒரு கரண்டி வைத்தார்கள். அந்த நாளில் பிள்ளைக்கு ஊட்ட வருகிற கையை யாரால் தடுக்க முடியும், லூப்பேயும் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தாள். சாப்பாடு முடிந்து ஊரே படுத்திருந்தபோது அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான், நிற்கவே இல்லை. முகம் சாம்பல் நிறமாகிக் கை கால் துவண்டுபோய், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செதேஃபனோவின் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மகனே, வழியெல்லாம் நீ கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பயந்தேன். அங்கே டாக்டரம்மா நரம்பில் உப்புநீர் ஏற்றிவிட்டு, என்ன சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில், "ஐயா, இவனுக்கு அரிசி ஆகலை, இவன் வயிறு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சண்டைக்கு வருது, வளர வளர பெரும்பாலும் சரியாயிடும், நாங்க இங்கயே வச்சுக் குடுத்துப் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒரு பருக்கைகூடக் குடுக்காதீங்க" என்றார். எதையும் புதிதாகக் கொடுத்தால் ஒவ்வொன்றாக, கொஞ்சமாகக் கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். நம் எல்லோருக்கும் சாதுவான அரிசி, என் முழங்கை நீளம் இருக்கிற பிள்ளையை இப்படிச் சாய்க்கும் என்று யார் நினைப்பார்கள். அதைவிட ஆச்சரியம், பொழுது சாய்வதற்குள் அவன் கண் திறந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தான், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே கவலை, நம் ஊரில் ஊட்டுகிற கைகளை எப்படித் தடுப்பது. ஊர்ச் சபையில் சொல்ல எழுந்தேன். ஊருக்காகப் பேசுவதே என் வேலை, இருந்தும் பேரன் பேரைச் சொன்னதும் பேச்சு முணுமுணுப்பாகிவிட்டது. எப்போதும் என் பேச்சை வெட்டுகிற செதேஃபனோ, "நாலு ஊருக்குக் கேக்குற தொண்டை இன்னைக்குக் கொசுவுக்குக்கூடக் கேக்கலையேடா, உக்காரு, நான் சொல்றேன்" என்று என்னை உட்கார வைத்துவிட்டு ஒன்று விடாமல் சொன்னான். தலைவர் யோசித்துவிட்டு, லாங்கிக்கு யார் அரிசி கொடுத்தாலும் ஒரு பெரிய பன்றி அபராதம் என்று தீர்ப்புச் சொன்னார். பாயசம் என்றால் உயிரை விடுகிற மனிதர் அவர், "அவன் வயிறு சரியாகுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை என் வீட்லயும் அரிசி வேகாது" என்று சொல்லிவிட்டார், மற்ற வீடுகளும் அப்படியே செய்தன. பல் முளைக்காத ஒரு பிள்ளைக்காக ஊரே வாயைக் கட்டுவதை என் ஆயுளில் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒரு வாந்தி இல்லை. சீமைப்பலா, மீன், வாழைப்பழம் எல்லாம் ஒத்துக்கொண்டன, ஏழில் உட்கார்ந்தான், எட்டில் தவழ்ந்தான், இப்போது ஒன்பதில் தூணைப் பிடித்து நின்று ஆடுகிறான்.

ஆகையால் நீ பதறி ஓடிவர வேண்டாம், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஈஸ்டருக்கு வா. அங்கே குழந்தைகளுக்கென்று விற்கிற பிஸ்கட் பாதி அரிசிதானாம், வாங்குவதாக இருந்தால் பெட்டியின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்கு, தகப்பன் என்பதற்காகப் பன்றியைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அவனுக்குத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று புரிந்துவிட்டது, புது முகத்தைக் கண்டால் லூப்பேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிறான். போனில் உன் குரலைக் கேட்டுச் சிரித்தாலும், நீ வருகிற அன்று உன்னைப் பார்த்தும் அழுவான். நீ உடைந்துபோகாதே, தூக்கவும் போகாதே. பாயில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிரு. தவழ்ந்து வந்து உன் சட்டையைப் பிடித்து அவனே எழுந்து நிற்பான். அதுவரை கையை நீட்டாமல் இருப்பதுதான் தகப்பனாக நீ செய்யப்போகிற முதல் வேலை, அது அந்த மிளகாய்த் தோட்டத்தைவிடக் கஷ்டமாக இருக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் அப்பா,
பெசமினோ