ஹிஸ்டரியில் வாசித்தது

அன்புள்ள உனக்கு,

நானே எழுதுகிறேன், மெதுவாக. நம் மகள் எழுத்தோடு இன்டர்நெட் வார்த்தைகளும் சொல்லித் தருகிறாள். தொட்டால் வேறு பக்கத்துக்குக் கூட்டிப்போவது லிங்க். நாம் தேடியதையெல்லாம் போன் சேர்த்துவைப்பது ஹிஸ்டரி.

"எப்பா, பத்தாங்கிளாஸ் பாஸான மாதிரில்லா சிரிக்கிய" என்கிறாள்.

நீ தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகையில் வீட்டில் விட்டுப்போன போனில் ஹிஸ்டரியைத் திறந்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

'ஈரல் புற்றுநோய் கடைசிக் கட்டம் எத்தனை மாதம்.'

முழு வரியையும் நானே வாசித்துவிட்டேன் ஏளா. அந்தச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்றுதானே அல்சர் என்றாய்?

இதை உறையில் ஒட்டி மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை நான் வந்து கட்டிலருகே உட்காரும்போது சிரிக்காதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல்.

இப்படிக்கு,
வாசிக்கத் தெரிந்த உன் வீட்டுக்காரன்