இரண்டாவது ராணி

மார்ச் 4

பூனைக்குட்டிக்கு,

அம்மாவின் முதுகுவலி தேவலையா? நீ எழுதுவதே இல்லை. வாய்தான் திறக்காது என்றால், பேனாவுமா?

இங்கே கம்பெனி கொடுத்த எங்கள் அறையில் பெரிய சண்டை. எங்களோடு சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவருக்கு ‘வக்கீல்’ என்று பெயர். நேற்று சதுரங்கத்தில் அவருடைய சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டுவிட்டது. ராணி உயிரோடு நிற்கும்போதே அந்தச் சிப்பாய்க்குப் பதில் இன்னொரு ராணி கேட்கிறார். பாட்டில் மூடியை வேறு கொண்டுவந்து வைக்கிறார்! “ஒரு ராஜாவுக்கு ரெண்டு ராணியா? உங்க வீட்டுல சொல்லட்டுமா?” என்றேன். அறையே சிரித்தது. அவர் விடவில்லை.

“என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, ஸ்கூல் டீம்ல ஆடுறா, அவளைக் கேட்போம்” என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. கோபப்படாதே. தீர்ப்பை மட்டும் எழுது.

உன் அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா நன்றாக நடக்கிறாள், என்னைத் திட்டவும் தெம்பு வந்துவிட்டது.

வக்கீல் மாமா சொன்னதுதான் சரி. ராணி இருந்தாலும் இன்னொன்று வாங்கலாம். நான் வேலை பார்க்கும் பொம்மைக் கடையில் நல்ல சதுரங்கப் பெட்டிகளில் உபரி ராணியே வைத்துத் தருகிறோம். ஆனால் நீங்கள் தனி ஆள் இல்லை. பழைய காலத்திலும் சிலர் உங்களைப் போலவே இரண்டாவது ராணி கூடாது என்று தடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று தெரியுமா? இந்த ராணி முதலில் ராணியே இல்லை, மந்திரி. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன்புதான் இப்படிப் பலகை முழுக்க ஓடத் தொடங்கியது.

இதையெல்லாம் நான் பள்ளியில் படிக்கவில்லை அப்பா. அம்மா முதுகுவலியில் படுத்துவிட்டபோது ஒன்பதாவதோடு நின்றேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடையில் படித்தேன். சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்வது நான்தான். ஆமாம், நானேதான். முதல் வாரம் குழந்தைகளைப் பார்க்கவே கூச்சம். ராணியைக் கையில் எடுத்து, அது பேசுவதுபோலப் பேசினேன். இப்போது காய் இல்லாமலே பேசுகிறேன். கூட்டம் வாசல்வரை நிற்கிறது.

பதினொன்றாவது படிக்கும் மகளிடம் கேட்பதானால் அவளுக்கே எழுதுங்கள். அவளுக்காக இனி நான் பதில் எழுத மாட்டேன்.

உங்கள் மகள்

மார்ச் 28

என் மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கிரேன் ஓட்டினேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் படித்தேன். ஒரு வரி விடவில்லை, ஒன்பதாவது உட்பட.

வக்கீல் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, “கடையில வேலை பாக்குற பொண்ணா? இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? அன்னைக்கே ஒத்துக்கிட்டு எனக்கு ராணியைக் குடுத்திருப்பீரே!” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

பக்கத்து அறைக்காரர்களும் வந்துவிட்டார்கள். குதிரை மட்டும் ஏன் தாண்டிப் போகிறது என்று கேட்கிறார்கள். “என் பொண்ணு கடையில வேலை பாக்குறா, அவளுக்குத் தெரியும்” என்றேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை, கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். யார் எழுதியது என்று அங்கே கேட்டால், எங்கப்பா என்று சத்தமாகச் சொல்.

உன் அப்பா