பீரோ மேல் ஒரு பில்லியர்ட்ஸ் குச்சி

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அப்பா ஜோதிலிங்கம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி கணேஷ்குமாரும் உடம்புக்குச் சுகம். என் மானம் மட்டும்தான் கொஞ்சம் படுத்திருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். நான் உன்னிடம் பேச ஆரம்பித்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதோடு, போன் என்றால் நம் வீட்டுத் தெலுங்கில் திட்டிவிடுவேன். எழுத எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதுவும் எட்டாம் வகுப்புத் தமிழ். அதில் திட்டு சரளமாக வராது. உனக்கு நல்லதுதான்.

விஷயம் இது. வெள்ளிக்கிழமை பாளையம்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பொண்ணைப் போட்டோவில் பார்த்துவிட்டோம், வீட்டையும் பார்த்துப் பேசிவிட்டுப் போகிறோம் என்றார்கள். பெங்களூரில் வேறு வீடு பார்க்கும் வரை பத்திரமாக இருக்கட்டும் என்று நீ விட்டுப்போன பில்லியர்ட்ஸ் குச்சி, பெட்டியோடு பீரோ மேல் இருந்தது. நீ கியூ என்பாய், எங்களுக்கு அது குச்சிதான். வெயில் படக்கூடாது, ஈரம் ஆகாது, சாத்தி வைக்கக்கூடாது, படுக்கத்தான் வைக்க வேண்டும் என்றாய். ஐப்பசியிலும் தகரக் கூரை கொதிக்கிற தறி வீட்டில் அப்படி ஓர் இடத்தை நான் எங்கே போய்த் தேட? கடைசியில் ஃபேனுக்குப் பக்கத்து பீரோவைக் கொடுத்தோம். அந்த இடம் எனக்குக் கிடைத்திருந்தால் நானும் இப்படி வளையாமல் இருந்திருப்பேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் அண்ணாந்து பார்த்து, அது என்ன நீளப் பெட்டி, துப்பாக்கியா என்று கேட்டார். மேசையில் பந்து அடிக்கிற குச்சி, என் மகளுடையது என்று சொல்ல வேண்டியதுதானே. என் வாய், அது தறிச் சாமான், பாவு நூலுக்குள் போடுகிற குச்சி என்று சொல்லிவிட்டது. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். தறி ஓட்டியே பிழைக்கிற குடும்பத்திடம் போய்ச் சொன்னேன். நாங்க மூங்கில் குச்சியத்தான் பாவுல போடுறோம், நீங்க பெட்டியில படுக்க வச்சா போடுறீக என்று கேட்டார். கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இறக்கச் சொன்னார். இரண்டு துண்டையும் திருகி ஒன்றாக்கி, கண்ணுக்கு நேரே நீட்டி வளைவு பார்த்தார். ஒரு நூல் அளவுகூட இல்லை. அடிப்பக்கம் கருங்காலி என்று நானும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். உடனே ஓர் அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்போது எல்லோரும் கழுத்தில் போடுகிறார்களே, அந்த மாலை ஞாபகம். முன்பக்கம் கனடா மரம் என்று சொல்லி முடித்தேன். இடையில் ஊதாவாகத் தெரிகிற மரத்துக்கு என் வாயில் பெயர் நுழையவில்லை.

அப்போதுதான் தாய்மாமன் பிடிக்குக் கீழே விரலை வைத்து, இது நாடாவாச்சே என்றார். கறுப்பு மரத்துக்குள் ஊதா மரத்தில் சின்னச் சின்னதாக நாலு நாடா. நம் தறியில் நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற அதே நாடா, கூர்முனை முதற்கொண்டு அப்படியே பதித்திருக்கிறது. இத்தனை நாள் என் பீரோ மேல் இருந்த குச்சி, நான் பார்க்கவில்லை. நீயாவது சொல்லியிருந்தால் பொய்யைக் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா சமாளிப்பதாக நினைத்து, அது கணேஷ்குமாருடையது என்றாள். தாய்மாமன் குச்சியை உன் தம்பி கையில் கொடுத்தார். எருமை, விளக்கமாறு பிடிப்பது போல் பிடித்தான். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? பாப்பாவுடையதுதான், போட்டிக்கெல்லாம் போகிறாள் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பொண்ணப் பிடிச்சிருக்கு, வேலைக்கும் போகட்டும், ஆனா ஆம்பளைக கூடுற எடத்துல நின்னு பந்து அடிக்கிறது கல்யாணத்தோட நிக்கட்டும், அந்தக் குச்சி உங்க பீரோ மேலயே இருந்துக்கிறட்டும் என்றார். மாப்பிள்ளைப் பையன் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயைத் திறக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

இரண்டு நாளாக எரிச்சல் அடங்கவில்லை. அந்த ஆள் மேல் எரிச்சல். ஊரில் இல்லாத மரத்தையெல்லாம் ஒட்டவைத்து என் வீட்டில் கொண்டுவந்து வைத்த உன் மேல் எரிச்சல். சட்டைக்கு அளவெடுப்பது போல் கையையும் உயரத்தையும் அளந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்து கொடுத்தது என்று நீ பிரித்துக் காட்டினாயே, அன்றைக்கு, இந்தக் காசுக்கு ஒரு சங்கிலி எடுத்திருக்கலாம் என்று சொன்ன என் மேல் கூடுதல் எரிச்சல்.

வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். நல்ல இடம், ஒரு குச்சிக்காகவா விடுவது, வியாழன் வரைக்குமாவது அது இங்கேயே கிடக்கட்டும் என்கிறாள் உன் அம்மா. நான் இன்றைக்கே கணேஷ்குமாரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு படுக்கைதான் கிடைத்தது. குச்சி படுக்கட்டும், நீ உட்கார்ந்து போ என்று சொல்லியிருக்கிறேன். ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்த கையோடு உன் அம்மா அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். வேட்டியால் துடைத்தேன், லேசாகத் தடம் தெரிகிறது. அதற்காகச் சண்டைக்கு வராதே.

அடுத்த மாதப் போட்டியில் நிதானமாக ஆடு. தோற்றாலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. வெயிலில் அலையாதே, குச்சிக்கு நீ சொன்னது உனக்கும்தான்.

நல்லா இரு தாயி.

எரிச்சல் இன்னும் அடங்காத
உன் அப்பா

வாசலில் அவர்கள் செருப்பு மாட்டும்போது ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது, முழுங்கிவிட்டேன். வியாழக்கிழமை பாளையம்பட்டிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எழுதிப் பழகிக்கொள்கிறேன்: எங்களுக்கு இருப்பது குச்சியோடு இருக்கிற மகள்தான். குச்சியை விட்டுவிட்டு வருகிற மகள் எங்கள் வீட்டில் இல்லை.