உன் குரல் இல்லாத ஆல்பம்

ஜூஜுவாடி நிறுத்தத்தில் பெங்களூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்து மோல்டிங் கம்பெனியிலிருந்து உருகிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் நம் சீருடையை விட்டுப் போகாத அதே வாசனை. பஸ் வந்தும் ஏறாமல் நின்றுவிட்டேன். புது ஆல்பம் வெளியாகிவிட்டதடி. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சாமல்பட்டியிலிருந்தும் நீ சூளகிரியிலிருந்தும் வேலைக்கு வந்து ஒரே அறையில் தங்கினோம். பழைய லேப்டாப்பில் நான் சத்தங்களை வெட்டி ஒட்டுவதை முதலில் வேடிக்கைதான் பார்த்தாய். பிறகு நீயே ஒரு சின்ன ரெக்கார்டர் வாங்கி வந்தாய். கம்பெனிக்குள் போனுக்கே அனுமதி கிடையாது. அதனால் விடுமுறை நாட்களில் தொழிற்பேட்டைச் சுவர்களுக்கு வெளியே நடந்து, பிரஸ் மெஷின் அடிப்பதைப் பதிவு செய்வோம். வாட்ச்மேன் கன்னடத்தில் விரட்டுவார். நீயும் கன்னடத்திலேயே ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைப்பாய்.

அந்த அடியை வைத்துத்தான் நம் முதல் பாட்டுகள் வந்தன. பெங்களூரில் வாசித்தபோது கூட்டம் ஆடியது. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை.

"எல்லாம் மெஷின் ஓடற சத்தமாவே இருக்குடி. நிக்கும்போது ஒரு சத்தம் வருதே, அதை எடு" என்றாய்.

"நின்னுட்டா யாரு ஆடுவா?"

"ஆடாம கேக்கட்டும்."

கரண்ட் போனபின், ஜெனரேட்டர் எடுப்பதற்குள், மோட்டார்கள் மெல்ல இறங்கி அடங்குமே, அதைத்தான் சொன்னாய். சாப்பிடும்போதுகூட இதே சண்டை. அது முடிவதற்குள் நீ பொங்கலுக்கு ஊருக்குப் போனாய். காய்ச்சல், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான் உன் தம்பி. கிளம்பிக்கொண்டிருந்தபோது மறுபடி கூப்பிட்டான். "ஆஸ்பத்திரிக்கு வேணாங்க்கா, வீட்டுக்கே வந்துடுங்க."

அதன்பிறகு எனக்கு அந்த அடி பிடிக்காமல் போனது. ஒன்றை வைப்பேன், அழிப்பேன். கடைசியில் மோட்டார் இறங்கும் சத்தத்தைப் பதிவு செய்து, நூல் மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஆனால் நீ கேட்ட அமைதி அதில் வரவில்லை. ஒரு சத்தம் அடங்குவதற்குள் இன்னொன்று கிளம்பிவிடுகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. அப்படியே விட்டேன்.

ஆல்பத்தை வெளியிடும் பெங்களூர்க்காரர் கேட்டுவிட்டு, "அவங்க குரல் ஏதாவது இருக்கா? கடைசியில வெச்சா மனசுல நிக்கும்" என்றார். இருந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடத்தைச் சொல்வாயே, "பின்பக்கச் சுவரு, காத்து ஜாஸ்தி" என்று. வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருந்ததே என்னை உட்காரவிடவில்லை.

சூளகிரிக்குப் போனேன். உன் அம்மா கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். உன் குரல் வந்த இடத்தில் கண்ணை மூடினார். முடிந்தபிறகும் நெடுநேரம் கழற்றவில்லை.

"நல்லா இருக்குதும்மா. ஆனா வத்து," என்றார், பாதி தெலுங்கில்.

"வேண்டாமாம்மா?"

"அது அவ உங்கிட்ட பேசினது. ஊர்ல இருக்கறவங்ககிட்ட பேசல."

திரும்பும் பஸ்ஸிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து அதை எடுத்துவிட்டேன். வெளியிடுபவருக்கு வருத்தம்தான்.

அன்று ஜூஜுவாடியிலிருந்து அடுத்த பஸ்ஸில் போய் மேடையில் வாசித்தேன். ஆடலாமென்று வந்தவர்களில் பாதிப்பேர் நடுவிலேயே எழுந்து போனார்கள். மிச்சப்பேர் ஆடாமல் கேட்டார்கள். அவர்களுக்குப் பிடித்ததா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் விசாரித்துக்கொண்டு வந்திருப்பாய்.

அடுத்ததை ஆரம்பித்துவிட்டேன். இப்போதும் ஒரு சத்தத்தை முடிவு செய்யுமுன் உன்னோடு சண்டை போடுகிறேன். உன் பக்கத்தையும் நானேதான் பேசுகிறேன். முன்பெல்லாம் நீ விட்டுக்கொடுக்கவே மாட்டாய். இப்போது கொஞ்ச நாளாக நான் சொல்வதற்கெல்லாம் சரியென்கிறாய். அதுதான் பயமாக இருக்கிறது.